கண்டனக் கூட்டத்துக்கு நிழல்

பூசிராவில் பாதிக் கல்யாணங்கள் பேசி முடிந்த சந்தை அத்திமரத்தைக் கவுன்சிலர் முடூலா வெட்டிச் சாய்த்துவிட்டார். அவர் பல்லைக் காட்டிச் சிரிக்கும் விளம்பரப் பலகையை அது மறைக்கிறதாம். ஊரே கொதித்தது. ஆனால் கூட்டம் போட அந்த மரத்தடியை விட்டால் வேறு இடமில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. வாழைப்பழம் சுட்டு விற்கும் ககோயா, அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே நிழலில் எல்லோரையும் உட்கார வைத்தாள். "அவன் வெளங்கவே மாட்டான்" என்று சபித்தபடியே, நிழல் நகர நகரத் தானும் பெஞ்சோடு நகர்ந்தாள்.

"பேசுனது போதும்க்கா. அவன் பலகையை இப்பவே பிடுங்கி எறிவோம்" என்று எழுந்தான் பைக் டாக்ஸி ஓட்டும் வைஸ்வா.

ககோயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கூட்டம் முடியட்டும்டா. அதோட நிழல்லதான உக்காந்திருக்கோம்."