கல்வரப்பு

"உடைஞ்ச எடம் எதும்மா?" ரேவதி மூன்றாவது முறையாகக் கேட்டாள். வேளாண்மைத் துறையிலிருந்து வந்திருந்தவள், படம் எடுக்க போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். நாட்றாம்பாளையத்துச் சரிவில், வெங்கடம்மாளின் கேழ்வரகுக் காட்டு ஓரம் கல்வரப்பு நூல் பிடித்தாற்போல் ஓடியது.

"இதேதான் மேடம். இங்கிருந்து அந்தப் புளியமரம் வரைக்கும் அடிச்சிக்கினு போயிருச்சு. மழ விட்ட மறுநாளே அவரு கட்ட ஆரம்பிச்சிட்டாரு."

மழையில் வரப்பு போனவர்களுக்கு அவசர உதவிப் பணம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, மழை ஓய்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. மண் போனால் திரும்பி வருமா? உடைந்த வரப்பை அடுத்த மழைக்கு விட்டுவைக்க வெங்கடம்மாளின் புருஷன் கிருஷ்ணப்பனுக்கு மனம் கேட்கவில்லை. இருவரும் பத்து நாள் கல் சுமந்தார்கள். வேலை முடிந்த அன்று நெஞ்சை அடைக்கிறது என்று படுத்த மனுஷன் எழுந்திருக்கவேயில்லை. ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பக்கத்துக் காட்டுத் தமிழரசனின் உடைந்துகிடந்த வரப்பை நேற்றே படம் எடுத்தாகிவிட்டது. சும்மா இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிற திட்டம், வேறென்ன சொல்ல.

காட்டில் பாதியை வெள்ளம் கொண்டுவந்த மணல் மூடிக் கிடந்தது. அதை வாரிப்போட வண்டி வைக்க வேண்டும். அதற்கு அந்தப் பணத்தை விட்டால் வெங்கடம்மாளுக்கு வேறு வழியில்லை. இந்தப் போகம் விதைக்காவிட்டால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூருக்கு வந்துவிட வேண்டும் என்று மகன் மாதேஷ் கறாராகச் சொல்லிவிட்டான். அவனுடைய ஒற்றை அறை வீட்டை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

ரேவதி குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குத்தான் கடைசி நாளும்மா. படம் இல்லன்னா பேரு ஏறாது. ரெண்டு மூணு கல்லத் தள்ளி விடுங்க, நான் எடுத்துக்கறேன். அப்பறமா அடுக்கிக்கலாம்."

"அவரு கடைசியா தொட்டது இது, மேடம்."

ரேவதி போனை இறக்கினாள். ஆனால் போகவில்லை. கடைசியில் வெங்கடம்மாளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள்.

ஓங்கிக் குத்தினாள். இரும்பு கணீரென்று தெறித்துத் திரும்பியது. சந்து தேடி விரலால் தடவிப் பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சில்லுகளைத் திணித்து இறுக்கியிருந்தான் கிருஷ்ணப்பன். அத்தனையும் அவள் மடியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்த சில்லுகள். இன்னும் குடு, இன்னும் குடு என்று அவன் கேட்கக் கேட்க, போதும் உடுய்யா என்று சலித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அழுகை பொங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பலம் கொண்டமட்டும் மாறி மாறிக் குத்தினாள்.

"எடுத்துட்டீங்களா மேடம்?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இன்னும் ஒண்ணுகூட விழலம்மா," என்றாள் ரேவதி.