சுடுகிற கதவு

சுவரில் அந்த அறிவிப்பை ஒட்டிய நாளிலிருந்து சலவைக்கூடத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. வேலையிடத்தில் காயம் பட்டால் முதலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் சிறை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. அதன் பிறகு அங்கே வேலை செய்தவர்களின் வீடுகள்தான் பொல்லாதவையாகிவிட்டன. கொதிநீர்த் தொட்டிக்காரருக்கு வீட்டில் குளிக்கும்போது முழங்கை வரை வெந்தது. மூட்டை தூக்குபவர் வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தார். அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது.

இன்று பூனையின் முறை. நடந்தாலும் பேசினாலும் சத்தம் வராது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளைக்குள் அவளுடைய இரண்டு விரல்கள் போய்விட்டன. உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டு அது அசைந்தால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறது என்று, கிழிந்த தலையணை உறையால் அதை அசையாமல் கட்டிவைத்திருந்தார்கள். கட்டச் சொன்னவர் முதலாளி. கட்டியவர் மேற்பார்வையாளர்; பூனையின் மாமா, அக்காவின் கணவர்.

மருத்துவமனை பெஞ்சில் மாமாவும் அக்காவும் அவளை நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லுடி,” என்றாள் அக்கா, காதோடு. “அவர் உள்ள போயிட்டா ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

பூனை தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கெஞ்சி எதையும் அவள் மறுத்ததில்லை.

நர்ஸ் வந்து கையில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தாள். “என்னம்மா ஆச்சு?”

“கதவு,” என்று மாமா முந்திக்கொண்டார். “வீட்டுக் கதவு.”

“நசுங்கியிருக்கு, சரி. தோல் வெந்து உரிஞ்சிருக்கே? உங்க வீட்டுக் கதவு சுடுமா?”

“கதவுக்குப் பக்கத்துல அடுப்பு…”

“வீட்டுக்கு வீடு கதவுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சுப்போச்சு போல,” என்று முணுமுணுத்தபடி அவள் மருந்தெடுக்கப் போனாள்.

அக்கா முதுகைத் தடவினாள். “வேலை போயிடும்னு பயப்படாத. கை ஆறுற வரைக்கும் உன் இடத்துல நான் நிக்கிறேன். முதலாளி நாளைக்கே வரச் சொல்லிட்டார்.”

பூனை நிமிர்ந்தாள். “மாமா, அந்தத் துணிய அவுத்தாச்சா?”

மாமா ஜன்னலைப் பார்த்தார். “வேலை குவிஞ்சு கிடக்கு. இது முடியட்டும், பாத்துக்கலாம்.”

“ஜெயில்னு எழுதி ஒட்டுன அன்னைக்கே அவுத்திருக்கணும். நீங்க என்ன செஞ்சீங்க? மருந்துப் பெட்டிய எடுத்து ஒளிச்சீங்க. பஞ்சு குறைஞ்சா காயம் தெரிஞ்சிடுமாம்! கை எரியுதுன்னு துடிச்சேன், தடவ ஒரு களிம்பு இல்ல. உங்க பயம் எந்த விரலக் காப்பாத்துச்சு?”

“மெதுவாப் பேசு!”

மெதுவாகப் பேசு என்று ஒருவர் அவளிடம் சொன்னது அதுவே முதல் முறை.

“கம்பி எண்ணப்போறது நான். நீயா போகப்போற?” என்றார் மாமா.

“போனீங்கன்னா ஒரு நாள் தவறாம சோறு கொண்டு வரேன். இந்தக் கையாலயே ஆக்கிக் கொண்டு வரேன். ஆனா கதவுன்னு மட்டும் என் வாயில வராது.”

நர்ஸ் திரும்பி வந்ததும் பூனை தானே பேசினாள். “கதவு இல்ல சிஸ்டர். சலவைக்கூடத்து உருளை. தடுப்புக் கம்பியக் கட்டிப்போட்டிருந்தாங்க. கட்டச் சொன்னது முதலாளி. அதையும் எழுதிக்குங்க.” நடைபாதையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதுகிலிருந்த அக்காவின் கை நின்றது. பிறகு விலகியது. பூனை அவளைப் பார்க்கவில்லை. அக்கா கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு என்னையும் அப்படியேதான் நிக்க வச்சிருப்பீங்களா?”

அக்கா அவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை உருவி, சலவைக்கூடத்துக்கு அழைத்து, அவர் வாயருகே பிடித்தாள். “சொல்லுங்க.”

“மெஷின நிறுத்து,” என்றார் மாமா. “அந்தத் துணிய அவுத்துடு. ஆமா, இப்பவே. முதலாளி கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு.”

பூனை கையை நீட்டினாள். மருந்து பட்டதும் வாய்விட்டுக் கத்தினாள். யாருக்காகவும் அடக்கிக்கொள்ளவில்லை.