அரசி டிசைன்

எங்கள் கம்பெனி அனுப்பிய செய்தியில் என் பெயர் முதன்முதலாக வந்தது, நான் தோற்றுப்போன அன்றைக்குத்தான். எட்டு மாதமாக அது "எங்கள் கம்பெனியின் புதிய பிளேட்". தோற்ற மறு நிமிடமே "எங்களிடம் வேலை பார்க்கும் அன்புக்கரசி என்ற பெண் போட்ட டிசைன்". எப்படி இருக்கிறது கதை? முதலாளியின் செல்போனில் அதைப் படித்தபோது எனக்குக் காது இரண்டும் சுட்டது.

திண்டுக்கல்லில் சிலுவத்தூர் ரோட்டில் இருக்கிறது எங்கள் பட்டறை. பழைய ரேடியோக்களுக்கு வால்வு செய்கிறோம். "இன்னுமா வால்வு ரேடியோ?" என்று கேட்காத ஆள் கிடையாது. வைத்திருக்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், வால்வு போனால் புதிது தேடுகிறார்கள். சென்னையில் ஆரோக்கியதாஸ் என்று ஒருவர் எங்களிடம் மொத்தமாக வாங்கி ஊர் ஊராக அனுப்புகிறார். அவர் சோதித்துச் சரி என்றால்தான் சரி.

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழ். நடுவில் சூடாகிற குழல், அதைச் சுற்றிக் கம்பி வலை, எல்லாவற்றையும் மூடி வெளியே ஓர் உலோகத் தகடு. அதைத்தான் பிளேட் என்போம். உள்ளேயிருந்து பாய்கிற மின்சாரம் முழுக்க இந்தத் தகட்டில்தான் வந்து மோதும். மோத மோதச் சூடு ஏறும். சூடு வெளியே போகாவிட்டால் தகடு சிவக்கும், சிவந்தால் உலோகம் தனக்குள் ஒளித்து வைத்திருக்கிற காற்றைக் கக்கும், அதோடு வால்வு காலி.

பழைய தகடு இரண்டு தட்டைப் பாதிகள், நான்கு இடத்தில் வெல்டு, அம்புட்டுத்தான். ஆறேழு மாதம் ஓடினால் நடுவில் அப்பளம் மாதிரி உப்பி உள்ளே இருக்கிற வலையைத் தொடும். நான் இங்கே வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் பூட்டுப் பட்டறையில் பிரஸ் ஓட்டியவள். பூட்டு உறைத் தகட்டில் நீளவாக்கில் வரி அழுத்தினால் அது வளையாது, ஓரத்தில் காது வெட்டி மடக்கினால் வெல்டே வேண்டாம் என்று எனக்குத் தெரியும். அந்த வரியையும் காதையும் இந்தத் தகட்டுக்குக் கொண்டுவந்தேன். சூடு பரவ இரண்டு பக்கமும் இறக்கை வைத்தேன். சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும் என்பதால் மேலே கறுப்புப் பூச்சு. தகட்டை அழுத்துகிற டை இரண்டையும், மேல் டை, கீழ் டை, நானே அரம் பிடித்து ராவிப் பொருத்தினேன். எட்டு மாதம். விரல் நகம் தேய்ந்தது மிச்சம் என்று அம்மா ஏசினாள்.

சூளையில் சுட்டு எடுத்த தகட்டை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் வியர்வை பட்டால்கூட அது உள்ளே போய் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும். அதனால் டப்பா மேலேயே "கை படாதே" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.

முதலாளி பொன்னுத்துரை கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இவர் தீபாவளிக்கு எல்லோருக்கும் சேலை எடுப்பார், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் விசாரிப்பார், பேர் வாங்குகிற இடத்தில் மட்டும் தன்னைத் தவிர யாரையும் நிற்க விட மாட்டார்.

ஆயுத பூசை கழிந்த மறுநாள் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். மூன்று நாள் நான் இல்லை. திரும்பி வந்தபோது முதல் பத்து வால்வு தயாராகி சென்னைக்கே போயிருந்தது. "சாம்பிள் போயிருச்சுத்தா, இனி நம்ம காட்டுல மழைதான்" என்று முதலாளி இளித்தார். நானும் சந்தோசப்பட்டேன், மடச்சி.

மூன்று வாரத்தில் பத்தும் பார்சலில் திரும்பி வந்தன. மூன்று மணி நேரம் தாங்கவில்லை, பத்துக்குப் பத்தும் சிவந்து செத்துப்போயின என்று ஆரோக்கியதாஸ் எழுதியிருந்தார். அதற்கு முதலாளி அனுப்பிய பதிலைத்தான் முதலில் சொன்னேன்.

"விட்டுத்தள்ளு அரசி. பழைய பிளேட்டே போதும். டையை முனியப்பன் லேத்துக்கு அனுப்பிப் பழைய அளவுக்கு அரைச்சிருவோம்" என்றார்.

"ஒரே ஒரு நாள் குடுங்க மொதலாளி. என்னா கோளாறுனு பாத்துச் சொல்றேன்."

"சரி சரி, பாப்போம்" என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்ச் செத்த வால்வு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்தேன். தகடு வளையவில்லை. காது கழலவில்லை. வரி நேராக நின்றது. அப்பாடா என்று இருந்தது. திருப்பிப் பார்த்தேன். இறக்கையின் நடுவில், கறுப்புப் பூச்சின் மேல், வட்டமாக ஒரு வெளுத்த தடம். இரண்டாவதை உடைத்தேன். அதே இடம், அதே வட்டம். மூன்றாவது, நான்காவது. பத்தையும் உடைத்தேன். பத்திலும் இருந்தது.

என் மோதிர விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அளவு கொஞ்சம் பெரிது. ஆம்பளை விரல்.

தலையைத் தூக்கினேன். எதிரே பிரஸ் சக்கரத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். பம்பு மேசையில் சந்தனம், குங்குமம். ஸ்விட்ச் போர்டில், ஏணியில், தண்ணீர்க் கேனில்கூட. பூசை கழிந்து ஒரு மாதமாகியும் யாரும் துடைக்கவில்லை. எல்லாம் அதே வட்டம். அடப்பாவி மனுசா!

தகடுகளை வால்வுக்குள் பொருத்துகிற தீபாவைக் கூப்பிட்டேன். "அந்தப் பத்துத் தகட்டையும் டப்பாவுல இருந்து யாருடி எடுத்தது?"

"மொதலாளிதான்க்கா. பூசையில சாமி படத்துக்கு முன்னால வச்சிருந்தாரு. மறுநாள் தொடச்சு அவரே எங்கிட்டக் குடுத்தாரு. சாமிகிட்ட வச்சது, இதுதான் முதல்ல போகணும்னாரு."

அந்தப் பூசையில் நானும்தான் நின்றேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன், பொரிகடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தேனா? இல்லை. என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். உடைத்த தகடுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன்.

"இது என்னானு சொல்லுங்க."

குனிந்து பார்த்தார். முகம் மாறியது. உடனே சுதாரித்துக்கொண்டார். "சாமிக்கு வச்சதுல என்னாத்தா குத்தம்? நல்லாத் தொடச்சுட்டுத்தான குடுத்தேன்?"

"துண்டால தொடச்சாப் போயிருமா? குங்குமத்துல சுண்ணாம்பு இருக்கு, சந்தனத்துல எண்ணெய் இருக்கு. சூடு ஏற ஏற உள்ள கெடந்து புகையும். கை படாதேனு எம்புட்டுப் பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்!"

"அது வேலைக்காரங்களுக்கு எழுதுனது" என்றார்.

சொல்லிவிட்டு அவரே ஒரு மாதிரி ஆகிவிட்டார். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

"செரி, நான் சொல்றதை நம்ப வேணாம். இப்ப ரெண்டு வால்வு போடுவோம். ஒண்ணு டப்பாவுல இருக்க சுத்தமான தகடு. இன்னொண்ணுக்கு நீங்களே பொட்டு வச்சு, நீங்களே தொடச்சுக் குடுங்க."

தயங்கினார். "பொட்டைச் சோதிக்கிறதா? சாமி குத்தமாயிருமே."

"சாமியை யாரு சோதிச்சா? உங்க வெரலைத்தான் சோதிக்கிறேன்."

வைத்தார். பூசைக்கு எடுத்த அதே குங்குமக் கிண்ணம், அதே மோதிர விரல். பிறகு துண்டால் அழுத்தித் துடைத்தார். தீபா கையுறை மாட்டிக்கொண்டு இரண்டையும் பொருத்தினாள். பம்பு மேசையில் இருக்கிற சகாயராஜ் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் காற்றை உறிஞ்சி மூடிக் கொடுத்தான். இரண்டு மணிக்கு இரண்டு வால்வையும் சோதனைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வழக்கத்தைவிட அதிகமாகவே மின்சாரம் கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள்.

முதல் அரை மணி நேரம் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். அப்போது இடது பக்கம் இருந்த பொட்டு வைத்த வால்வுக்குள் மெல்ல நீல நிறம் புகைந்தது. உள்ளே காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் இறக்கை நடுவில் சிவப்பு, அது விரிந்து விரிந்து தகடு முழுக்கச் சிவப்பு. மூன்றரை மணிக்கு அது செத்தது. வலது பக்கம் என் தகடு கறுப்பு மாறாமல் அப்படியே நின்றது.

"அக்கா!" என்று தீபா என் தோளைக் கட்டிக்கொண்டாள். சகாயராஜ் விசிலடித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

முதலாளி மட்டும் ஒதுங்கி நின்றார், துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டை காலையிலயே லேத்துக்குப் போயிருச்சுத்தா."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த டை?"

"உன் டைதான். நேத்து ராத்திரியே எடுத்து வண்டியில வச்சுட்டேன், வீட்டுல இருந்து வர்ற வழியில நானே குடுத்துட்டு வந்தேன்."

பத்து மணியிலிருந்து மூன்றரை மணி வரை. இந்த மனுசன் என் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். பொட்டு வைத்தார், துடைத்தார், டீ வாங்கிக் குடித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஏன் சொல்லல? ஒரு போனு போட்டு நிறுத்தியிருக்கலாமே, ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ சொல்றது தப்பாப் போயிருச்சுன்னா சொல்ல வேண்டிய தேவையே வராதேனு நெனச்சேன்."

அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் நான் அவரை அடித்திருப்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். வேடசந்தூர் ரோட்டில் ஷிப்டு மாறுகிற நேரம், மில் பஸ் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு பஸ்ஸையும் வைதுகொண்டே போனேன்.

முனியப்பன் லேத்தில் கீழ் டை கிரைண்டிங் மெசினின் மேல் பளபளவென்று கிடந்தது. தடவிப் பார்த்தேன். வரி இல்லை, இறக்கை இல்லை, காது மடங்குகிற குழி இல்லை. வழவழவென்று இருந்தது. எட்டு மாதம் போன இடம் தெரியவில்லை. மேல் டை மட்டும் இன்னும் சாக்குக்குள் இருந்தது.

"நான் என்னாக்கா செய்ய? அரைக்கச் சொன்னாக, அரைச்சேன்" என்றார் முனியப்பன். அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வந்த அழுகை, நிறுத்தவும் முடியவில்லை.

செத்த நேரத்தில் முதலாளியும் வந்து சேர்ந்தார். "அழுவாத அரசி. புது டை வெட்டித் தாரேன். நானே கூட நிக்கிறேன்" என்றார்.

"டை அப்புறம். மொதல்ல சென்னைக்கு மெசேஜ் அனுப்புங்க. இப்பவே, என் கண்ணு முன்னால."

போனை எடுத்துத் தட்டினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். "பிளேட்டில் குறை இல்லை. சுத்தம் செய்ததில் கை பட்டுவிட்டது."

"யாரு கை?"

முனியப்பன் நைசாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி அதை அழித்துவிட்டு "என் கை" என்று எழுதினார்.

"டிசைன் யாருதுனு போடுங்க."

"அதான் போன மெசேஜ்லயே உன் பேரைப் போட்டிருக்கேனே!"

இதைக் கேட்ட பிறகு எனக்கு அழுகை நின்றுவிட்டது. எழுந்து நின்றேன்.

"தப்புக்குப் போட்டீங்க மொதலாளி. இப்ப சரிக்குப் போடுங்க."

என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்து அனுப்பினார். அனுப்பியதைப் போனோடு திருப்பிக் காட்டினார். முழுசாகப் படித்தேன்.

மேல் டையைச் சாக்கோடு தூக்கி என் வண்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன்.

"பட்டறைக்குத்தான கொண்டு போற?" என்றார்.

"எங்க வீட்டுக்கு. புதுக் கீழ் டை வர்ற வரைக்கும் இது அங்கதான் இருக்கும். பொட்டு வைக்கணும்னா, சொல்லிட்டு அங்க வாங்க."