சாகாத பாஸ்

நாகலிங்கம் அடித்த அடிக்கு ஒரு மலையே சரிந்திருக்கும். அந்த பாஸ் மட்டும் சாகவில்லை. பாஸ் என்றால் ஆபீஸ் துரை இல்லை. கம்ப்யூட்டர் கேமில் எல்லாக் கட்டத்தையும் தாண்டியபின் கடைசியில் வழிமறித்து நிற்கும் ராட்சசன். எட்டுக் கையோடு கடலிலிருந்து எழும்புவான். அவன் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஓடும், அதுதான் அவன் உயிராம். அடிக்க அடிக்கக் குறைந்து நூலளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான்.

ஒரு வருஷமாய் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துத் தங்கை உதயாவுக்குத் தலை சுற்றியது. போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் "டிக்கெட் நஹி ஹை", டிக்கெட் இல்லை என்று வரிசையை விரட்டிவிட்டு வந்தால், நாற்பது வயது அண்ணன், இரும்புக் கடை வேலை விட்டதும் விடாததுமாய் வந்து, பட்டனை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வெறும் விளையாட்டென்றால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். ஆனால் அவன் வாக்குக் கொடுத்திருந்தான்: "இவன முடிச்சிட்டுத்தான் புள்ள, கச்சாலுக்குக் கப்பலேறுவேன்."

கச்சால் தீவில் அவன் பெண்டாட்டி கருப்பாயி காத்திருந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவர்கள் சனத்துக்கு அந்தத் தீவின் ரப்பர் தோட்டம்தான் பிழைப்பு. சுனாமியில் அவர்களுடைய ஒரே மகன் போனான். முகாம், தகரக் கொட்டகை என்று அலைந்து ஓய்ந்தபின் மேட்டில் புது வீடு கிடைத்தது. கருப்பாயி முன்னால் போனாள். சாமான் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்ற நாகலிங்கம் போர்ட் பிளேரிலேயே ஒட்டிக்கொண்டான். அதோடு அண்ணியும் மாறிப்போனாள். போனில் உதயாவின் குரலைக் கேட்டாலே, "அவருட்ட குடு" என்று வெட்டிவிடுவாள். தான் செய்த பாவம் என்னவென்று உதயாவுக்கு விளங்கவேயில்லை.

"ஏண்ணே, ஒரு பொம்மகிட்ட தெனம் தோக்குறியே, எரிச்சலா வரல?"

"எதுக்கு வரணும்? இவன் கையத் தூக்கிக் காட்டிட்டுத்தான் அடிக்கிறான். எப்ப ஒதுங்கணும்னு நமக்குத் தெரியுது. மரியாதையான பய."

பாதி புரிந்தது அவளுக்கு, பாதி புரியவில்லை.

கவுண்டர் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் ஸ்ரீதர் சென்னைக்காரன். ஒருநாள் அவனைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் சிடியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இது காப்பி அடிச்ச சிடி. காப்பின்னு தெரிஞ்சா பாஸ் சாகாதபடி கேம் செஞ்சவங்களே கண்ணி வெச்சிருக்காங்க. மெயின்லேண்டுல நெட்டுல தேடியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

இந்த ஊரில் நெட்டில் ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும். யார் உட்கார்ந்து தேடுவது?

லீவுக்குச் சென்னை போய்த் திரும்பும்போது ஸ்ரீதர் அசல் சிடி வாங்கிவந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை உதயா பழையதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை ஏற்றி வைத்தாள். நாகலிங்கத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷப் பழக்கமாயிற்றே, கட்டங்களையெல்லாம் மளமளவென்று தாண்டினான். மத்தியானம் பாஸ் எழும்பினான். கை தூக்கினான், இவன் ஒதுங்கினான். அடித்தான். கோடு நூலானது. நூலும் அறுந்தது. எட்டுக் கையும் சரிந்து தண்ணீருக்குள் போயின.

உதயா கைதட்டினாள். அண்ணனோ இழவு வீட்டில் உட்கார்ந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"பழைய சிடி எங்க?"

"அது எதுக்கு இப்ப? அதான் ஜெயிச்சிட்டியே!"

"உன்ன யாரு மாத்தச் சொன்னா?" என்று கத்தினான். பிறகு குரல் உடைந்தது. "அந்த வீட்டு வாசலத் தொறந்தா கடலு, உதயா. ஒண்ணும் காட்டாம அடிச்ச கடலு. தெனம் அது மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

அவளுக்கு ஐயோ என்றிருந்தது. அதே மூச்சில் ஆத்திரமாகவும் வந்தது. அங்கே ஒருத்தி தனியாக முழித்துக்கொண்டுதானே இருக்கிறாள்? போனை எடுத்தாள். கச்சாலுக்கு லைன் கிடைப்பதே அபூர்வம், அன்றைக்கென்று கிடைத்தது.

"அண்ணி, போன வெச்சிராதீங்க. அண்ணே பாஸ ஜெயிச்சிருச்சு! இனிமே வந்துரும்."

"எந்த பாஸு?"

"அதான், முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லுச்சே..."

"என்னா ஒளர்ற? டிக்கெட்டு கெடைக்கலன்னுல்ல ஒரு வருசமா சொல்றாரு. கவுண்டர்ல தங்கச்சி ஒக்காந்திருக்கு, இவருக்கு டிக்கெட்டு இல்லையாம்! நீதான் அண்ணன அனுப்ப மனசில்லாம மறிச்சுக்கிட்டு நிக்கிறேன்னு..." கருப்பாயியின் குரல் இறங்கியது. "மாரியாத்தா கோயில்ல உன் பேரச் சொல்லி மொளகா அரைச்சுப் பூசிட்டேன் புள்ள."

எதிரியின் உடம்பு எரியட்டும் என்று வேண்டிக்கொண்டு அரைப்பார்கள் அந்த மிளகாயை. உதயாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வருஷமாய் அண்ணி தன்னை அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தானோ அடி விழுவதுகூடத் தெரியாமல் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். சொல்லாதே, சொல்லாதே என்று அண்ணன் இரண்டு கையையும் ஆட்டினான். அவள் போனைக் கொண்டுபோய் அவன் காதில் வைத்தாள்.

"அலோ... அலோ..." என்றாள் கருப்பாயி.

நாகலிங்கம் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

"கருப்பாயி," என்றான், "டிக்கெட்டு எப்பவுமே இருந்துச்சு."