கல்யாணப் பீரில் வெங்காய வாடை

ஐம்பது தாண்டி முதல் கல்யாணம் பண்ணிக்கொள்கிறவனுக்குக் கொஞ்சமாவது வாயடக்கம் வேண்டும். வேட் லுண்ட்குவிஸ்டுக்கு அது கிடையாது. நிச்சயமான அன்றைக்கே எல்லார் முன்னாலும், "விருந்துக்குப் பீர் நானே காய்ச்சறேன்" என்று அள்ளி விட்டுவிட்டான்.

வேறு ஊராக இருந்தால் போகிறது என்று விட்டுவிடலாம். அமெரிக்காவில் பாதிப் பேர் குடிக்கிற பீருக்குக் கசப்பும் மணமும் எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிற ஹாப்ஸ் பூவிலிருந்துதான் போகிறது. அதிலும் மாக்ஸி ஊர்க்காரர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டே பிறந்தவர்கள். செப்டம்பரில் உலர்த்தும் கொட்டகைகளிலிருந்து கிளம்புகிற வாசம் சர்ச்சுக்குள் நுழைந்து பாதிரியாரையே தும்ம வைக்கும். அப்பேர்ப்பட்ட ஆட்கள் நூறு பேருக்கு, கார் நிறுத்துகிற கொட்டகையில் தான் காய்ச்சின பீரை ஊற்றப் போகிறானாம். தொழில் என்னவோ பம்ப் ரிப்பேர்.

மணப்பெண் கொலெட் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். முதல் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவளுக்கென்று இருப்பது ஒரே அண்ணன், ஆர்மண்ட் ஷார்பொனோ. கீழ்க் காடு, மேல் காடு என்று இரண்டு ஹாப்ஸ் காடுகளுக்குச் சொந்தக்காரர். "பம்ப் ரிப்பேர்காரன், பானையை வச்சுக் காய்ச்சிக்கிட்டுத் திரியறான், இவன்தான் கிடைச்சானா உனக்கு?" என்று தங்கையைக் கேட்டவர்.

"அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சர்ச்சுக்குள்ள நடப்பேன். அவர் வரலைன்னா தேதியைத் தள்ளிப் போட்டுடுவோம்" என்று கொலெட் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போன தேதி அது. இன்னொரு தடவை தள்ளினால் தன்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் சர்ச்சுக்குத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்று வேட் பயந்தான்.

இந்த நிலைமையில் ஒரு நாள் ஆர்மண்ட் தானாகவே தேடி வந்தார். கையில் பெரிய காகிதப் பை. பை நிறைய அவர் காட்டு ஹாப்ஸ், கொட்டகையில் உலர்த்தினது.

"எங்க வீட்டுக் கல்யாணத்துல எங்க காட்டு ஹாப்ஸ்தான் இருக்கணும். மோந்து பாரு" என்றார்.

வேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷன் இறங்கி வருகிறாரே! ஆசையாக ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் கசக்கி, முகத்தருகே கொண்டு போனான். எலுமிச்சையும் மாம்பழமும் மணக்க வேண்டிய ஜாதி அது. அடித்தது வெங்காயம். அதுவும் மூட்டைக்கு அடியில் கிடந்து அழுகி ஒழுகின வெங்காயம். துணைக்குப் பூண்டு வேறு.

இந்த ஜாதி ஹாப்ஸை நேரத்துக்கு அறுக்காவிட்டால் இப்படித்தான் திரும்பிவிடும். பூ பறிக்கிற மெஷின் மக்கர் பண்ணியதால் ஆர்மண்ட் கீழ்க் காட்டைத் தாமதமாக அறுத்திருந்தார். இதெல்லாம் வேட்டுக்கே தெரியும். ஆர்மண்டுக்குத் தெரியாதா? அவர் வேட்டின் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"அருமைங்க" என்றான் வேட். கண்ணில் நீர் கோத்தது.

"அருமைன்னா?"

"அதாவது... நல்லா அழுத்தமா இருக்கு."

"கொலெட்டும் அதையேதான் சொன்னா. பாதிரியார்கிட்டயும் காட்டினேன், பிரமாதம்னாரு." ஆர்மண்ட் திருப்தியாகத் தலையை ஆட்டினார். "பீர்ல போடற அன்னிக்குக் கூப்பிடு. நானே வந்து என் கையால போடறேன்."

அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் வேட் கொலெட்டுக்குப் போன் போட்டான்.

"என்ன விளையாட்டு இது? உங்கண்ணனுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"இல்ல" என்றாள் கொலெட்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலோடு ஆர்மண்டின் மோப்பம் போய்விட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஒரு காலையில் ஸ்கங்க் என்கிற அந்த நாற்றப் பிராணி அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலடியிலேயே பீய்ச்சிவிட்டுப் போனது. வீட்டிலிருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓட, அவர் மட்டும் முட்டையைத் தின்றுகொண்டே, "எல்லாரும் எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார். அன்றைக்கே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவருக்கு மட்டும், எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்பது விளங்கவில்லை.

"நாலு வருஷமா யாரும் வாயைத் திறக்கல" என்றாள் கொலெட். "ஹாப்ஸ்காரனுக்கு மூக்கு போச்சுன்னா மானமே போச்சு. நீ போய் அவர்கிட்ட ஏதாவது உளறினே, கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார்."

"அப்ப நான் நூறு பேருக்கு வெங்காய பீர் ஊத்தணுமா?"

"ஹாப்ஸை நீ வேற எங்கேயாவது வாங்கி வை. அண்ணன் கண்ணை நான் பாத்துக்கறேன்."

வேட் வாங்கிவிட்டான். எங்கே வாங்கினான் என்பதைக் கேட்டால் உங்களுக்கே அடிக்கத் தோன்றும். எதிர்க் காட்டு கஸ்டன் பெரோவிடம். ஆர்மண்டுக்கும் பெரோவுக்கும் வாய்க்கால் தண்ணீர்த் தகராறு. ஒருவர் நடக்கிற பக்கம் இன்னொருவர் நடக்கமாட்டார். ஆனால் பெரோ நேரத்துக்கு அறுத்திருந்தார். வேட்டின் மூக்குக்கு அது போதும்.

பீர் நன்றாகப் பொங்கி, நுரை அடங்கத் தொடங்கியது. கொதிக்கும்போது போடுகிற ஹாப்ஸ் கசப்புக்கு. இப்போது நொதிக்கிற பீரில் சூடில்லாமல் போடப்போவது வாசத்துக்கு, ரசத்தை இறக்கி வைத்துக் கொத்தமல்லி போடுகிற மாதிரி. சொன்னபடி ஆர்மண்ட் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை வேறு. கொலெட்டும் தபால் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"முழங்கை வரைக்கும் கழுவுங்க" என்றான் வேட். "மூடியைத் திறந்ததும் சட்டுனு போட்டுடணும். பேசக் கூடாது, தும்மக் கூடாது. காத்துப் பட்டா பீர் கெட்டுடும்."

"பீர் காய்ச்சறியா, ஆபரேஷன் பண்றியாய்யா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆர்மண்ட் கழுவினார்.

மேஜைமேல் அவருடைய காகிதப் பை. மேஜைக்கு அடியில் அதேபோல இன்னொரு காகிதப் பை. கொலெட் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே, உங்க வண்டில லைட் எரியுது!"

ஆர்மண்ட் வெளியே போனார். மேலே இருந்தது கீழே போயிற்று, கீழே இருந்தது மேலே வந்தது. பதற்றத்தில் வேட் மேஜையில் தலையை இடித்துக்கொண்டான்.

"எரியலையே" என்று திரும்பி வந்தார் ஆர்மண்ட்.

"அதுவா அணைஞ்சிருக்கும்ணே."

கொதிநீரில் போட்டெடுத்த மெல்லிய துணிப்பை. மிதக்காமல் இருக்க அதற்குள் நாலு கோலிக்குண்டுகள். ஆர்மண்ட் தன் கையாலேயே பூக்களை அள்ளி அள்ளி அடைத்து, வாயைக் கட்டினார். வேட் மூடியைத் தூக்கினான். மெதுவாக இறக்க வேண்டியதை மனுஷன் கிணற்றில் வாளியைப் போடுகிற மாதிரி தொப்பென்று போட்டார். உள்ளே அடங்கிக் கிடந்த வாயுவெல்லாம் உசுப்பிவிட்டதுபோல எழும்பியது. வேட் மூடியை வைத்து அமுக்கினான். பக்கவாட்டில் பீறிட்ட நுரை இஸ்திரிச் சட்டை, மீசை, புருவம் என்று ஆர்மண்டின்மேல் ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை.

கொலெட் கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்மண்ட் மீசையை நக்கினார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வேகமான சரக்குதான்யா! பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். தங்கச்சி கையைப் பிடிச்சு நான்தான் கூட்டிட்டு வரேன்."

அவ்வளவுதான். காரியம் முடிந்தது. வேட் பேசாமல் நின்றிருந்தாலே போதும், பீரும் பிழைத்தது, கல்யாணமும் பிழைத்தது.

ஆர்மண்ட் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்க எல்லாரும் இவ்வளவு சொன்னதுக்கப்புறம் மேல் காட்டை அவசரப்பட்டு அறுக்கப்போறதில்ல. அதுவும் இதே ஜாதிதானே, மேட்டுக் குளிர்ல கொஞ்சம் பிந்தி முத்துது. அடுத்த வாரம் வரைக்கும் நிக்கட்டும். எடையும் கூடும், வாசமும் கீழ்க் காடு மாதிரியே ஏறும்" என்றார்.

கீழ்க் காடு கையளவு. மேல் காடுதான் அவருடைய வருஷத்துச் சோறு. அதுவும் வெங்காயமாகிவிட்டால் எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். அண்ணன் முதுகுக்குப் பின்னால் கொலெட், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேட்டிடம் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பொய்யை ரொம்ப நேரம் வாயில் அடக்கி வைக்க அவனுக்கு வராது.

"மேல் காட்டை இன்னிக்கே அறுத்துடுங்க" என்றான்.

"ஏன்?"

"வெங்காயம்."

"என்ன வெங்காயம்?"

"உங்க கீழ்க் காடு பூரா வெங்காய நாத்தம். பூண்டும் இருக்கு."

கொலெட் துண்டைப் பிடுங்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"இப்பத்தானே போட்டேன்? வாசம் பிரமாதம்னு..."

"அது உங்களுது இல்லைங்க."

"பின்ன?"

"பெரோவோடது."

"எந்தப் பெரோ?" என்றார் ஆர்மண்ட், என்னவோ ஊரில் பத்துப் பெரோ இருக்கிற மாதிரி.

"எதிர்க் காட்டுப் பெரோ."

பீர்க் கலத்தின் குழாய் களுக் களுக் என்றது.

"அந்தத் தண்ணித் திருடனோட ஹாப்ஸை என் கையாலேயே போட வச்சீங்களா?" ஆர்மண்ட் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். "பாதிரியாருமா பொய் சொன்னாரு?"

"அவரும்தாண்ணே."

"ஞாயித்துக்கிழமையானா பிரசங்கம் பண்றாரேடீ!" அப்புறம் அவர் குரல் இறங்கியது. "என் மூக்கைப் பத்தி எல்லாருக்கும் தெரியுமா?"

"ஸ்கங்க் வந்தப்பவே தெரியும்ணே."

ஆர்மண்ட் கையில் ஒட்டியிருந்த பச்சைத் தூளையே பார்த்தார். "கொட்டகைக்குள்ள போனா எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது. வெளியில சொன்னா எவன் வாங்குவான்? அதனாலதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கொடுத்து மோந்து பாக்கச் சொல்வேன். உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கறது. நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே."

வேட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுத்தமா இருக்குன்னு சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது. தேதி மூன்றாவது தடவையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு நின்றான்.

ஆர்மண்ட் எழுந்தார். "வண்டில ஏறுங்க ரெண்டு பேரும்."

மேல் காட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு கொடியை இழுத்துப் பூவைப் பறித்து, கசக்கி, வேட்டின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சொல்லு."

"எலுமிச்சை. கொஞ்சம் மாம்பழம். வெங்காயம் இன்னும் வரல."

"மூஞ்சியைக் காட்டு." மோவாயைப் பிடித்துத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஆட்களுக்குக் கத்தினார். "இப்பவே வாங்கடா. ராத்திரியானாலும் அறுத்து முடிச்சுட்டுத்தான் போகணும்."

திரும்பும்போது மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆர்மண்ட் தொண்டையைச் செருமினார்.

"உண்மை பேசற ஆளு இப்பத்தான் ஒருத்தன் சிக்கியிருக்கான், அதனால கேக்கறேன். நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவ சமைச்சுக் கொண்டாறா. எனக்குக் காகித அட்டையைத் தின்ற மாதிரிதான் இருக்கு. அருமை அருமைன்னு சொல்லிக்கிட்டே தின்னுடறேன். நெசமாவே நல்லாத்தான் சமைக்கிறாளா?"

"அட்டையா?" என்றாள் கொலெட். அண்ணனை ஒரு முறை முறைத்துவிட்டு, மெதுவாக வேட்டின் பக்கம் திரும்பினாள்.

வேட் ஜன்னலைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தான். ஆர்மண்ட் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவசர அவசரமாக அவன் வாயைப் பொத்தினார்.

"இப்ப வேண்டாம் மாப்ளே. கல்யாணம் முடியட்டும்."