அறையில் வேறு யார் இருந்தார்கள்

மேசையோடு கயிற்றால் கட்டியிருந்த பேனா கண்டக்டரின் கையில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் மிதிக்கும் கால், சும்மா இரு என்றால் இருக்காது. வயிற்றில் ஆபரேஷன் தையல் பிரித்த இடம் துணி உரசும்போதெல்லாம் சுருக்கென்றது.

பன்னிரண்டு வருடமாக ஒரே குடும்ப டாக்டர். வலது விலாவுக்குக் கீழே வலி என்று எட்டு மாதம் அவரிடம் நடந்தாள். எட்டு மாதமும் செரிமான மாத்திரைதான். கடைசியில் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் அழுகிய பித்தப்பையை எடுத்தார்கள். அங்கே, "எங்கம்மா வலிக்குது?" என்று அவளைப் பார்த்தே கேட்டார்கள். பழக்கமில்லாததால் பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"அந்த ஆள சும்மா விடமாட்டேன்" என்று குதித்த கண்டக்டர், லீவு போட்டு அவளை மருத்துவக் கவுன்சிலின் புகார்ப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். கவுன்ட்டர் அம்மாளும் படிவத்தை அவரிடம்தான் நீட்டினாள். "இவங்களுக்கு என்ன ஆச்சு சார்?"

அவர் மளமளவென்று நிரப்பினார். "வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு இருக்கு. ரெண்டு மாசம்னு போட்டுடவா?"

"எட்டு."

"எட்டா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னேன். நீங்கதான் டாக்டர்கிட்ட வெறும் வாயுன்னீங்க."

"அவர் என்னைக் கேட்டாரு, நான் சொன்னேன். நீ வாய்க்குப் பூட்டா போட்டிருந்த?"

அவளுக்கு அந்தக் குடும்ப டாக்டரின் அறை கண்முன் வந்தது. "வீட்ல எப்படி இருக்காங்க? சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா?" ரிப்பேருக்குக் கொண்டுவந்த கடிகாரத்தைப் பற்றி விசாரிப்பதுபோல் டாக்டர் அவள் கணவரைக் கேட்பார். இவரும் டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் பதில் சொல்வார். ஒரே ஒருமுறை அவள், "விலாவுக்குக் கீழ..." என்று தொடங்கினாள். டாக்டர் இவரைப் பார்த்துச் சிரித்தார். "நேரத்துக்கு சாப்பிடச் சொல்லுங்க."

கண்டக்டர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "பரிசோதனையின்போது அறையில் வேறு யார் இருந்தார்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள்?" இரண்டாவது கேள்வியில் குரல் இறங்கியது. "இது எதுக்கு? கோடு போட்டுடலாம்."

"குடுங்க."

"என்னத்த?"

"பேனாவ."

கயிறு எட்டவில்லை. அவள் எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டாள். 'என் கணவர்' என்று எழுதினாள். பேருந்து முழுவதையும் ஒரே அதட்டலில் உள்ளே தள்ளும் மனிதர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "எல்லாத்தையுமா எழுதப்போற?" என்றார்.

"நடந்தத எழுதுறேன்."

மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. பழக்கதோஷத்தில் அவர் உள்ளங்கை அதன் மேல் விழுந்து அழுத்திக்கொண்டது. அவள் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தாள். வரி அவர் விரல்வரை வந்து நின்றது. பேனாவைத் தூக்காமல், அவள் காத்திருந்தாள்.