ஒரு காருக்கு ஒரு விளக்கு

“உனக்கு எதிரா நான் போவேனா? போடி பைத்தியக்காரி” என்று அன்று காலை போனில் சிரித்தான் என் அண்ணன். அந்தச் சிரிப்பை நம்பித் தொலைத்தேன். கூடப் பிறந்தவனை நம்பாமல் வேறு எவனை நம்புவது?

அவன் டாக்சி சங்கத்தின் செயலாளர். சொந்தக் கார், சொந்த பர்மிட். நான் அடுத்தவர் காரை ஷிப்டுக்கு ஓட்டுகிறவள். மதியம் எடுத்தால், திருப்பி விடும்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். என் மகள் பள்ளியிலிருந்து வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். நான் வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். விழித்திருக்கிற பிள்ளையோடு உட்கார்ந்து ஒருவேளைச் சோறு சாப்பிடக் கொடுத்துவைக்காத பிழைப்பு! என் பேரில் ஒரு பர்மிட் வந்துவிட்டால், பழைய கார் ஒன்றை வாங்கி அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுவேன். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பரீட்சை எழுதி, மனுப் போட்டுக் காத்திருந்தேன்.

வரிசையில் முன்னுக்கு வந்த நேரம் பார்த்துச் சங்கத்துக்கு ஞானம் பிறந்தது. ஊரில் டாக்சி பெருத்துவிட்டதாம். இனிமேல் புது பர்மிட்டே கொடுக்கக் கூடாதாம், கிடப்பில் இருக்கும் மனுக்களையும் தள்ளிவிட வேண்டுமாம். சங்கம் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் அப்படியே செய்கிறேன் என்று போக்குவரத்து அதிகாரியும் சொல்லிவிட்டார். ‘ஏற்கெனவே மனுப் போட்டவர்களை விட்டுவிட வேண்டும்’ என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்ப்பதாகத்தான் அண்ணன் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

கூட்டம், ரயில் நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்தத்தின் நிலத்தடித் தளத்தில். பகலிலும் இருட்டு. எங்கள் சங்கத்தில் கை தூக்கும் பழக்கம் கிடையாது. ஒரு காருக்கு ஒரு ஓட்டு. தீர்மானம் வேண்டும் என்பவர்கள் காரின் கூரையில் உள்ள டாக்சி விளக்கைப் போட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் அணைத்து வைக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவரின் ஓட்டுத்தான் அது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். என்ன புத்திசாலிகள்!

நின்ற கார்களில் பாதி ஒரே ஆளுடையவை. நான் ஓட்டியதும் அவருடையதுதான். டிரைவர்கள் அவருக்கு வைத்த பட்டம் ‘சம்பந்தி’. எவ்வளவு கொண்டுபோய்க் கொடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

முதலில் ஒரு வயதான டிரைவர் பேசினார். “ஒரு சவாரிக்கு அரை நாள் ஸ்டேஷன் வாசல்ல தவம் கிடக்கிறேன். இன்னும் வண்டி விட்டா நான் என்னத்தைத் திங்கிறது?”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதே வரிசையில்தான் நானும் கிடந்து காய்கிறேன். எழுந்து சொன்னேன். “கதவைச் சாத்துங்க பெரியவரே, வேண்டாங்கல. ஆனா உள்ள ஒரே ஆளு முப்பது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அதுல நாலஞ்சை எடுத்து நிக்கிறவங்களுக்குக் குடுத்துட்டுச் சாத்துங்க.”

பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். “உன் வாய்க்கு நீ வக்கீலாப் போயிருக்கலாம்மா” என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

“அண்ணே, அந்த ஒரு வரி?”

அவன் கையில் இருந்த பேனாவைப் பார்த்தான். “அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்பப் போய்க் குழப்ப வேணாம்.”

“எப்ப அப்புறம்? என் மனுவைக் குப்பையில போட்டப்புறமா?”

“உக்காரும்மா” என்றான். யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோல அம்மா போட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் அவரவர் காரில் போய் உட்கார்ந்தோம். அண்ணன் குரல் கொடுத்ததும் விளக்குகள் எரியத் தொடங்கின. பக்கத்துக் காரில் இருந்தவனும் என்னைப் போல ஷிப்டு ஓட்டுகிறவன்தான், பர்மிட்டுக்கு மனுப் போட்டவன்தான். அவனும் போட்டான். கண்ணாடியை இறக்கி, “மனுவைப் பாத்தா இருக்கிற சோறும் போயிரும்க்கா” என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் விளக்கைப் போடவில்லை.

சம்பந்தி ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கார் அருகில் நின்றார்.

“பல்பு போயிருச்சாம்மா?”

“பல்பு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மனசில்ல.”

“காரு யாரோடது?”

“உங்களோடது. ஓட்டு என்னோடது.”

அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, என் முகத்துக்குக் குறுக்கே நீட்டி, சுவிட்சைப் போட்டார். நான் அணைத்தேன். மறுபடி போட்டார். இந்தத் தடவை சுவிட்சிலிருந்து விரலை எடுக்கவில்லை. “எண்ணிக்கப்பா செயலாளரே” என்றார்.

முன்னால் நின்றிருந்த அண்ணன் கூரையைப் பார்த்தான். கூரைக்குக் கீழே இருந்த என்னைப் பார்க்கவில்லை. பேனாவால் ஒரு கோடு போட்டான்.

காரைவிட்டு இறங்கி நேரே அவனிடம் போனேன். “என் வண்டியை எதுல எண்ணின?”

“வண்டி அவரோடதுதானே. விதி அப்படித்தான் இருக்கு.”

“தூ!” என்றேன். “விதியாம் விதி. கூடப் பிறந்தவ கழுத்தை அறுக்கச் சொல்லுதா உன் விதி?” சாவியைச் சம்பந்தியின் காலடியில் விட்டெறிந்தேன். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவர் கத்தினார். அதை வேறு சொல்ல வேண்டுமா!

தெருவில் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். அண்ணன் காரைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினான். “ஏறு. வீட்டுல விடுறேன். தீர்மானம் நிறைவேறிருச்சு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன், புரிஞ்சுக்கோ.”

“எது நல்லது?”

“சம்பந்தி ஒரு பர்மிட்டை என் பேருக்கு மாத்திக் குடுக்கிறாரு. இன்னொரு காரு போடப்போறேன். அதை நீ ஓட்டு. கண்டவன்கிட்ட கை கட்டி நிக்கிறதுக்கு அண்ணன்கிட்ட நிக்கலாமில்ல?”

ஆக, இதுதான் விலை. கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். “பகல்லயா?”

அவன் தலையைச் சொறிந்தான். “பகலுக்கு ஒருத்தன் ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கான். நீ மதியத்துக்கு மேல எடுத்துக்கயேன்.”

நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். அவன் காரில் நான் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது.

“முன்னாடி வா.”

“மீட்டரைப் போடுங்க” என்றேன். பிறந்ததிலிருந்து அவனை நீ, வா, போ என்றே பேசிய வாய்.

“என்னடி, கொழுப்பா?”

“மீட்டரைப் போட்டா வர்றேன். இல்லன்னா இறங்கிடுறேன்.”

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தது. “போட்டுத் தொலைக்கிறேன், போதுமா?” என்று மீட்டரில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் பணத்தை நீட்டினேன். இத்தனை வருஷத்துப் பழக்கம், கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. சில்லறைக்குச் சட்டைப் பையைக்கூடத் தடவினான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

அதற்குள் சத்தம் கேட்டு என் மகள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தாள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“அம்மா! இன்னிக்கு வேலை இல்லையா? நாளைக்கும் இந்நேரம் வீட்டுல இருப்பியா?”

“இருப்பேன்டா தங்கம். நாளைக்கும் இருப்பேன், நாளன்னைக்கும் இருப்பேன்” என்றேன். “எல்லாம் உங்க மாமா புண்ணியம்.”

“தேங்க்ஸ் மாமா!” என்று அவள் கார் ஜன்னலில் தொற்றிக்கொண்டு அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.